கெடு வைக்காத அதிகாரம்

(குடியரசு தினத்தையொட்டி நமது பெங்களூரு கிளையில் நடந்த கூட்டத்தில், ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரியான மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களும் படித்துப் பயன்பெற இங்கே வெளியிடுகிறோம்.)

சபையில் இருக்கும் பெரியோர்களுக்கும், மாமிகளுக்கும், அப்பா கூப்பிட்டாரே என்பதற்காக வந்து பின்வரிசையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் என் நமஸ்காரம்.

கிளைச் செயலாளர் போன் செய்து, "குடியரசு தினத்துக்கு நீங்கள் அரை மணி பேச வேண்டும், ஸார். தலைப்பு உங்கள் இஷ்டம்" என்றார். "தலைப்பை எப்போது சொல்ல வேண்டும்?" என்று கேட்டேன். "சீக்கிரம் சொன்னால் போதும்" என்றார். முப்பத்தேழு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனிடம் 'சீக்கிரம்' என்று சொல்லலாமா? மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் அவர், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லிவிடுங்கள், அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது" என்றார். வெள்ளிக்கிழமை நாலரைக்குச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் இன்று நான் பேச வந்த விஷயத்தின் சாரமே இதுதான்.

நான் வக்கீல் இல்லை. கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, 1972-ல் பெங்களூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் சேர்ந்து, 2009-ல் ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு, அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களைப் படிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டு பாகங்கள். மஹாபாரதம் மாதிரி. எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆபீஸ்காரனின் கண்ணோடு படித்தேன். 'அரசாங்கத்துக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம்? கொடுத்த அதிகாரத்துக்கு எங்கே கடிவாளம்?' என்று அவர்கள் வாதாடிய இடங்களை மட்டும் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். அந்தக் கோடுகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அன்றைய சூழ்நிலை

1946 டிசம்பர் 9-ஆம் தேதி அந்தச் சபை முதன்முதலாகக் கூடியது. 1949 நவம்பர் 26-ஆம் தேதி அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. இந்த மூன்று வருஷத்துக்குள் தேசத்தில் என்னென்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பிரிவினை, அகதிகள், காஷ்மீர் யுத்தம், 1948 ஜனவரி 30-ல் காந்திஜியின் படுகொலை, அதே வருஷம் செப்டம்பரில் ஹைதராபாத் நடவடிக்கை, தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம். வீடு தீப்பற்றி எரியும்போது வீட்டுக்கு பிளான் போட்ட மாதிரி. ஆகவே 'மத்திய அரசு பலமாக இருக்க வேண்டும்' என்று சொன்னவர்களை நாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தச் சபையில் இருந்தவர்களில் பலர் வெள்ளைக்காரன் காலத்தில் விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்தவர்கள். அப்படிப்பட்டவர்களே விசாரணை இல்லாமல் சிறையில் வைக்கும் அதிகாரத்தைப் புதிய சட்டத்தில் எழுதினார்கள். மனசு உறுத்தாமல் எழுதவில்லை. அந்த உறுத்தல்தான் பக்கம் பக்கமாக விவாதமாக ஆகியிருக்கிறது. வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டவை 2,473.

வரைவுக் குழுவில் சென்னை ராஜதானியிலிருந்து மூன்று பேர்: அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார், பிறகு வந்து சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. நாம் சந்தோஷப்படலாம், தப்பில்லை. ஆனால் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ராஜினாமா செய்தார், ஒருவர் காலமானார், மற்றவர்களுக்கு வேறு ஜோலி, கடைசியில் பாரம் முழுவதும் டாக்டர் அம்பேத்கரின் தலையில் விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையிலேயே எழுந்து சொன்னவர் அதே டி.டி.கே.தான். அதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வோம்.

இரண்டு மங்களூர்க்காரர்கள்

நம் கர்நாடகத்து மங்களூரில் பிறந்த இரண்டு பேர் இந்தக் கதையில் வருகிறார்கள். இரண்டு பேரும் ஐ.சி.எஸ்.

முதலாமவர் பெனகல் நரசிங்க ராவ், சபையின் அரசியல் சட்ட ஆலோசகர். முதல் வரைவு அவர் கையால் வந்தது. ஒரு மனிதனின் உயிரையும் சுதந்திரத்தையும் 'நியாயமான சட்ட முறைப்படி'யன்றிப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே வார்த்தைகள் முதலில் நம் வரைவிலும் இருந்தன. 1947 கடைசியில் ராவ் அமெரிக்கா போனார். அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி ஃப்ராங்ஃபர்ட்டர், 'இந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு நீதிபதிகள் சட்டசபைகளின் கையைக் கட்டிவிடுவார்கள்' என்று எச்சரித்தார். ராவ் திரும்பி வந்தார். ஜப்பானின் புதிய சட்டத்தைப் பார்த்து, 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி' என்று வாசகம் மாறியது.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 'நியாயமான முறை' என்றால் முறை நியாயமானதா என்று கோர்ட் கேட்கலாம். 'சட்டம் வகுத்த முறை' என்றால், சட்டத்தில் எழுதியிருக்கிறதா, ஆச்சு, ஜெயிலுக்குப் போ. கே.எம். முன்ஷி பழைய வாசகமே வேண்டும் என்றார். அல்லாடி புதியதே சரி என்றார். நிலச் சீர்திருத்தம் போன்ற சமூகச் சட்டங்களைக் கோர்ட்டுகள் தடுத்துவிடும் என்பது அவருடைய கவலை. அதுவும் நியாயமான கவலைதான். அம்பேத்கர் இரண்டு பக்கத்து வாதங்களையும் எடுத்துச் சொல்லி, முடிவைச் சபையிடமே விட்டுவிட்டார். 1948 டிசம்பர் 13-ல் பழைய வாசகம் தோற்றது. அம்பேத்கருக்கே மனசு சமாதானமாகவில்லை போலிருக்கிறது. அடுத்த செப்டம்பரில், கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது போன்ற பாதுகாப்புகளைத் தனி ஷரத்தாகக் கொண்டுவந்தார். ஆனால் தடுப்புக் காவலும் அதே ஷரத்தில் இடம் பிடித்தது.

சட்டம் அமலுக்கு வந்த நாலாவது மாசமே பரீட்சை வந்துவிட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னையில் தடுப்புக் காவலில் இருந்தார். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1950 மே 19-ல் தீர்ப்பு: சட்டம் இருக்கிறது, அதன்படி நடந்திருக்கிறது, முறை நியாயமா என்று நாங்கள் பார்க்க முடியாது. இந்த நிலை மாற 28 வருஷம் ஆயிற்று. 1978 ஜனவரியில் மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கில்தான், முறை என்றால் அது நியாயமான முறையாக இருக்க வேண்டும் என்று கோர்ட் சொன்னது. ராவ் எடுத்துவிட்டதை நீதிபதிகள் வேறு வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள்.

இரண்டாவது மங்களூர்க்காரர் ஹரி விஷ்ணு காமத். ஐ.சி.எஸ். வேலையை 1938-ல் உதறிவிட்டு சுபாஷ் போஸோடு சேர்ந்தவர். சபையில் எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்பார். கமா, முற்றுப்புள்ளிக்குக்கூடத் திருத்தம் கொடுப்பார். நம் ஆபீஸ்களிலும் இப்படி ஒருவர் இருப்பார், தெரியுமா? எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். பத்து வருஷம் கழித்து ஆடிட் வரும்போதுதான் அவர் சொன்னது புரியும்.

1949 ஆகஸ்டில் நெருக்கடி நிலை ஷரத்துகள் வந்தபோது காமத் எழுந்தார். ஜெர்மனியின் வைமர் அரசியல் சட்டத்தில் இதே மாதிரி ஒரு ஷரத்து இருந்ததையும், அது ஹிட்லருக்கு எப்படி உதவியது என்பதையும் சொன்னார். மாநில அரசைக் கலைக்கும் ஷரத்தில், இன்றைய 356-ல், ஜனாதிபதி கவர்னரின் அறிக்கையைப் பெற்றோ 'அல்லது வேறு விதமாகவோ' முடிவுக்கு வரலாம் என்று இருக்கிறது. 'வேறு விதமாக' என்ற அந்த வார்த்தை விஷமத்தனமானது, அதை எடுத்துவிட பகவானைப் பிரார்த்திக்கிறேன் என்றார் காமத். பகவான் அன்று அந்தப் பிரார்த்தனையை ஏற்கவில்லை. அம்பேத்கரோ, இந்த ஷரத்துகளைத் தவறாகப் பயன்படுத்தும் சாத்தியம் உண்டு என்பதை மறுக்காமல், இவை உபயோகத்துக்கே வராமல் வெறும் எழுத்தாகவே கிடக்கும் என்று நம்புவதாகச் சொன்னார்.

அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று? 1951-ல் பஞ்சாப், 1959-ல் கேரளம் என்று தொடங்கியது. 1977-ல் ஜனதா அரசு ஒரே வீச்சில் ஒன்பது மாநிலச் சட்டசபைகளைக் கலைத்தது. 1980-ல் திரும்பி வந்த காங்கிரஸ் அதே ஒன்பது என்ற கணக்கைத் தீர்த்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை. 1991-ல் கவர்னர் பர்னாலா அறிக்கை கொடுக்கவில்லை. அறிக்கை இல்லாமலே அரசு கலைந்தது. எப்படி? 'வேறு விதமாக'. காமத் கோடு போட்டுக் காட்டிய அதே வார்த்தை, நாற்பத்திரண்டு வருஷம் கழித்து.

ஆறு வாரம்

நான் பென்சிலால் இரண்டு கோடு போட்ட இடம் ஒன்று உண்டு. பார்லிமெண்ட் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். வரைவில் அதற்கு 'ஆறு வாரத்துக்குள்' என்று கெடு இருந்தது. 1949 மே மாதம் அதை எடுத்துவிட்டு, 'இயன்ற விரைவில்' என்று போட்டார்கள். காமத் எழுந்து ஆட்சேபித்தார். கேட்பாரில்லை. பிறகு கவர்னர்களுக்கான 200-ஆவது ஷரத்திலும் அதே 'இயன்ற விரைவில்' போய் உட்கார்ந்துகொண்டது.

ஏன் மாற்றினார்கள்? கெட்ட எண்ணம் இல்லை. ஆறு வாரம் என்றால் ஆறு வாரமும் எடுத்துக்கொள்வார்களே, 'இயன்ற விரைவில்' என்றால் ஆறு நாளில் செய்துவிடுவார்கள் என்ற நல்லெண்ணம். தங்களைப் போன்றவர்களே அந்த நாற்காலியில் என்றும் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஆபீஸில் வேலை பார்த்த யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். தேதி போட்ட ஃபைல் நகரும். 'உடனடி' என்று சிவப்புச் சீட்டு ஒட்டிய ஃபைல் அலமாரியில் தூங்கும்.

பெங்களூரில் 1975

1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு, உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தின் பேரில் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். மந்திரிசபைக்குச் சொன்னது மறுநாள் காலையில். அந்தச் சமயம் வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, எஸ்.என். மிஸ்ரா ஆகியோர் பார்லிமெண்ட் கமிட்டி வேலையாக இங்கே பெங்களூரில் இருந்தார்கள். 26-ஆம் தேதி இங்கேயே கைது செய்து சென்ட்ரல் ஜெயிலில் வைத்தார்கள். சேஷாத்ரி ரோட்டில் இன்று நீங்கள் பார்க்கும் ஃப்ரீடம் பார்க்தான் அந்த ஜெயில். 'சம்ஸ்காரா' படத்தில் நடித்த ஸ்நேஹலதா ரெட்டியும் அங்கேதான் இருந்தார். ஆஸ்துமா நோயாளி. எட்டு மாதச் சிறைக்குப் பின் 1977 ஜனவரி 15-ல் பரோலில் விட்டார்கள். ஐந்தே நாளில் இறந்துபோனார்.

காவலில் இருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். நம் கர்நாடக உயர் நீதிமன்றம் உள்பட நாட்டின் பல உயர் நீதிமன்றங்கள், வழக்கைக் கேட்க எங்களுக்கு அதிகாரம் உண்டு என்றன. 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், அதிகாரம் இல்லை என்றது. மறுத்து எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா.

இதெல்லாம் பெரிய மனிதர்கள் கதை. இனிமேல் சொல்லப் போவது என் கதை. இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

1976-ல் எனக்கு 27 வயது. கல்யாணமாகி எட்டு மாதம். எங்கள் ஆபீஸில் எஸ்டாப்ளிஷ்மெண்ட் சீட் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்படை விதிகளில் 56(ஜே) என்று ஒன்று உண்டு. இங்கே இருக்கும் ரிட்டையர் ஆன நண்பர்களுக்கு நன்றாகத் தெரியும். குறிப்பிட்ட வயதைத் தாண்டிய ஊழியரை, 'பொது நலன் கருதி', மூன்று மாத நோட்டீஸோ சம்பளமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். வேலை செய்யாதவர்களைக் களைவதற்காக வந்த விதி. எமர்ஜென்சியில் அது வேறு வேலைக்கும் பயன்பட்டது.

எங்கள் செக்ஷன் சூப்பரின்டெண்டெண்ட் மைசூர்ப் பக்கத்துக்காரர், வயது 56. எனக்கு நோட் எழுதக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். 'ஒவ்வொரு நோட்டிலும் இரண்டு விஷயம் இருக்க வேண்டும், காரணமும் தேதியும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் குப்பைக்கூடை' என்பார். மனிதர் கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஜெயிலில் இருப்பவர்களைப் பற்றி கேன்டீனில் உரக்கப் பேசினார். ஒரு நாள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, பென்சிலால் ஒரு பெயர் எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்தார். "நாளைக் காலைக்குள் நோட் வேண்டும்" என்றார்.

நான் இரவெல்லாம் தூங்கவில்லை. ஆனால் காலையில் எழுதிவிட்டேன். அவருடைய ஃபைலில் குறை சொல்ல ஒரு வரி கிடையாது. ஆகவே காரணம் எதுவும் எழுதாமல், விதி எண்ணையும் 'பொது நலன் கருதி' என்ற மூன்று வார்த்தைகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் மேஜைப் பக்கம் வரவில்லை.

1977-ல் அரசு மாறியது. இப்படி வீட்டுக்கு அனுப்பிய கேஸ்களை மறுபடி பார்த்தார்கள். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சேர்ந்த அன்று மத்தியானம், டிஃபன் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, தன் ஃபைலை வாங்கிப் பார்த்தார். என் நோட்டைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கன்னடத்தில், "நின்ன அக்ஷர சென்னாகிதே. காரண எல்லி?" என்றார். உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. காரணம் எங்கே?

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வருஷம் வேலை பார்த்தார், முறைப்படி ஓய்வு பெற்றார், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சர்தார் படேல் 1949 அக்டோபரில் அரசு ஊழியர்களுக்காகச் சபையில் வாதாடினார். என் செயலாளர் என் அபிப்ராயத்துக்கு எதிராக நோட் எழுதலாம், அந்தச் சுதந்திரத்தை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன் என்ற கருத்தில் பேசியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனியும். எழுதும் சுதந்திரத்தைச் சட்டம் கொடுத்தது. நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதிகாரம் மீறப்படுகிறது என்றால் தில்லியில் ஒருவர் மட்டும் மீறுவதில்லை. கீழே வரைக்கும் என்னைப் போல ஒவ்வொருவரும் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

பிறகு போட்ட கடிவாளங்கள்

1978-ல் 44-ஆவது திருத்தம் வந்தது. அதில் என்ன செய்தார்கள் என்று ஆபீஸ்காரனாகப் பாருங்கள். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற கொழகொழ வார்த்தையை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று போட்டார்கள். மந்திரிசபையின் முடிவு எழுத்தில் வர வேண்டும் என்றார்கள். பார்லிமெண்ட் ஒரு மாதத்துக்குள், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது என்றார்கள். எழுத்து, எண்ணிக்கை, கெடு. அன்றைய மக்களவையில் காமத்தும் ஒரு உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்! அதன் பிறகு இன்றுவரை நாட்டில் தேசிய நெருக்கடி நிலை வரவில்லை.

ஆனால் அதே திருத்தத்தில் தடுப்புக் காவல் விதிகளைக் கடுமையாக்கும் பகுதி ஒன்றும் உண்டு. அது எந்தத் தேதியில் அமலுக்கு வரும் என்பதை அரசாங்கம் அறிவிக்கும் என்று விட்டுவிட்டார்கள். கெடு கிடையாது. ஆகவே அந்தப் பகுதி இன்றுவரை அமலுக்கு வரவில்லை. எந்தக் கட்சி ஆட்சியும் அறிவிக்கவில்லை. ஒரே திருத்தம்தான். தேதி போட்ட பாதி உயிரோடு இருக்கிறது, தேதி போடாத பாதி பிறக்கவே இல்லை.

அடுத்தது நம் ஊர் வழக்கு. 1989 ஏப்ரலில் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மையின் ஆதரவைத் திரும்பப் பெறுவதாகப் பத்தொன்பது எம்.எல்.ஏ.க்களின் கடிதங்கள் கவர்னரிடம் போயின. அவர்களில் ஏழு பேர் உடனே மறுத்துவிட்டார்கள். சபையைக் கூட்டுங்கள், பெரும்பான்மையை அங்கே காட்டுகிறேன் என்றார் பொம்மை. கூட்டவில்லை. ஏப்ரல் 21-ல் அரசு கலைந்தது. பொம்மை இங்கே உயர் நீதிமன்றத்தில் தோற்றார், விடாமல் உச்ச நீதிமன்றம் போனார். 1994 மார்ச் 11-ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பெரும்பான்மையை ராஜ்பவனில் எண்ணக் கூடாது, சட்டசபையில் எண்ண வேண்டும். ஜனாதிபதியின் பிரகடனத்துக்கு என்ன ஆதாரம் என்று கோர்ட் பார்க்கலாம். பார்லிமெண்ட் ஒப்புக்கொள்ளும் வரை சட்டசபையைக் கலைக்கக் கூடாது. கலைந்துபோன பொம்மை அரசு திரும்பி வரவில்லை. ஆனால் அதன் பிறகு 356-ஐக் கையில் எடுப்பது வெகுவாகக் குறைந்தது. 2018 மே மாதம் இதே விதான சௌதாவில், கவர்னர் கொடுத்த பதினைந்து நாள் அவகாசத்தைக் கோர்ட் சுருக்கி, மே 19 என்று தேதி குறித்ததும் நமக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொரு பெங்களூர்க்காரரையும் சொல்ல வேண்டும். கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012-ல் தமது 86-ஆவது வயதில் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24-ல், மறுபடியும் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று ஏகமனதாகச் சொன்னார்கள். 1976-ன் அந்தத் தீர்ப்பையும் தவறு என்று தள்ளினார்கள். 1976-ல் பெரும்பான்மையோடு இருந்தவர் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். 2017-ல் அதைத் தவறு என்று எழுதியவர் அவருடைய பிள்ளை. ஆதார் இன்றும் இருக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் 'ரிட்டையர் ஆயாச்சு, இனி நம்மால் என்ன ஆகும்?' என்று வாக்கிங் போகும்போது பேசிக்கொள்கிறோமே, அதற்குப் பதில் புட்டசாமி. 2024-ல் 98 வயதில் காலமானார்.

இன்றைய விஷயம்

மறுபடி அந்த ஆறு வாரத்துக்கு வருவோம். தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றிய சில மசோதாக்கள் கவர்னரிடம் வருஷக்கணக்கில் இருந்தன. அவற்றில் சில 2020-லேயே நிறைவேறியவை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரல் 8-ல் இரண்டு நீதிபதிகள் கவர்னருக்கும் ஜனாதிபதிக்கும் காலக்கெடு குறித்தார்கள். பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும் சொன்னார்கள். ஜனாதிபதி விளக்கம் கேட்டார். 2025 நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள், அரசியல் சட்டத்தில் இல்லாத கெடுவைக் கோர்ட் எழுத முடியாது என்றார்கள். தானாக ஒப்புதல் பெற்றதாகக் கருதுவதும் கிடையாது என்றார்கள். ஆனால் காரணமில்லாமல் நீண்ட காலம் சும்மா வைத்திருந்தால், முடிவெடுங்கள் என்று சொல்ல முடியும் என்றார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் பேச வரவில்லை. இந்தச் சபையில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், காபி வேறு காத்திருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். 1949-ல் ஒரு கெடுவை எடுத்தார்கள். எழுபத்தாறு வருஷம் கழித்து, அந்தக் காலியிடத்தில் நின்றுகொண்டு நீதிபதிகளும் கவர்னர்களும் சர்க்கார்களும் வாதாடுகிறார்கள். கோர்ட் எழுத முடியாது என்றால், எழுத வேண்டிய இடம் பார்லிமெண்ட்.

கெடு வைத்தால் வேலை ஓடாதா? நானே பார்த்தேன். 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது நான் சர்வீஸில் இருந்தேன். முப்பது நாளில் பதில், தவறினால் அதிகாரியின் கையிலிருந்து ஒரு நாளைக்கு 250 ரூபாய் அபராதம், 25,000 ரூபாய் வரை. வருஷக்கணக்கில் நகராத ஃபைல்களுக்குக் கால் முளைத்தது. இங்கே கர்நாடகத்தில் 2012-ல் 'சகாலா' வந்தது. சர்ட்டிபிகேட் கொடுக்கத் தாமதமானால் ஒரு நாளைக்கு இருபது ரூபாய் ஈடு. தாலுகா ஆபீஸ் ஊழியருக்குக் கெடு வைத்த தேசத்தில், மேலே போகப் போகக் கெடு மறைந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் கெடு வைத்தால் அரசாங்கமே நடக்காது என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. யுத்தத்தையும் வெள்ளத்தையும் காலண்டரை வைத்துச் சமாளிக்க முடியாது. பௌதிகம் படித்தவன் என்பதால் ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆவிக்குச் சக்தி உண்டு, அந்தச் சக்தி வேண்டும், இல்லாவிட்டால் பருப்பு வேகாது. அதனால் குக்கர் மூடியை யாரும் திறந்து வைப்பதில்லை. மேலே வெயிட் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு. அதுவும் போனால் காஸ்கெட் விட்டுக்கொடுக்கும். டி.டி.கே. குடும்பத்து கம்பெனியின் ப்ரெஸ்டீஜ் குக்கரில் இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது, அவர் சேர்ந்து எழுதிய அரசியல் சட்டத்திலும் இருக்க வேண்டாமா? வெயிட் என்பது பதவியில் இருப்பவரின் மனசாட்சி. அதை மட்டும் நம்பி அடுப்பைப் பற்றவைக்க எந்த மாமியும் சம்மதிக்க மாட்டாள்.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25-ல் ஆற்றிய கடைசிப் பேச்சில், சட்டம் எவ்வளவு நல்லதானாலும் நடத்துகிறவர்கள் கெட்டவர்களானால் அதுவும் கெட்டதாகவே முடியும் என்றார். எல்லோரும் மேடையில் சொல்லும் விஷயம். அதோடு என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். 1976-ல் நான் கெட்டவனாக இல்லை. பயந்தவனாக இருந்தேன். ஏதோ ஒரு வரியில், 'காரணத்தை எழுது' என்று அந்த விதி என்னைக் கட்டாயப்படுத்தியிருந்தால், எழுத ஒன்றும் இல்லாமல் பேனாவைக் கீழே வைத்திருப்பேன். நல்ல சட்டம், பயந்தவனையும் தப்புச் செய்ய விடாமல் காப்பாற்றும்.

பின்வரிசை இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அரசாங்கத்திலோ கம்பெனியிலோ பெரிய பதவிக்கு வருவீர்கள். எங்கோ ஓரிடத்தில் ஒருவருடைய பிழைப்பு உங்கள் கையெழுத்தில் தொங்கும். அன்று இரண்டு கேள்வி கேளுங்கள். காரணம் எங்கே? தேதி எங்கே? குடிமகனாக அரசாங்கத்தைப் பார்த்தும், எந்தக் கட்சி ஆண்டாலும், இதே இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.

எனக்கு இவற்றைக் கற்றுக் கொடுத்தவர் இன்று இல்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. செயலாளர் கெடு வைக்காவிட்டால் இன்னும் தாமதமாகியிருக்கும்.